கரப்பான்: கூட வேலை பார்க்கிறவர்களும் சொந்தக்காரர்களும் அடிக்கடி கேட்ட கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்குக் கரப்பான் என்ற நமைச்சல் தோல்நோய் வந்ததாம். என் மகளுக்கு ஆறாம் மாதத்தில் கன்னத்தில் ஆரம்பித்தது. தெரிந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் கையில் சரியான மருந்துதான் இருந்தது. பூசிய அளவுதான் சரியில்லை.

டாக்டர் சீட்டில் 'அட்டோபிக் டெர்மடைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறார். அதுவும் கரப்பானும் ஒன்றுதானுங்களா?

கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் பக்கம் நமைச்சலோடு நீர் வடிந்தால் எல்லாவற்றையும் கரப்பான் என்றே சொல்லிவிடுவோம். டாக்டர் எழுதியது அதில் ஒரு குறிப்பிட்ட வகை. குடும்பத்தில் யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல், இல்லையென்றால் இதே தோல் தொல்லை இருந்தால் குழந்தைக்கும் வர வாய்ப்பு கூடுதல்.

விரிசல் விட்ட சிமெண்ட் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் கசிந்து போய்விடும். வெளியில் இருக்கும் சோப்பு, தூசி, கிருமி எல்லாம் அதே விரிசல் வழியாக உள்ளே போகும். தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் அதுதான் காரணம் என்றில்லை. ஆனால் 'ரத்தம் கெட்டுப்போச்சு', 'சூடு ஏறிப்போச்சு' என்பதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை.

கைக்குழந்தைக்குக் கன்னம், தலை, கை கால்களின் வெளிப்பக்கம் என்று வரும். நாப்கின் கட்டும் இடத்தில் அநேகமாக வராது. நடக்க ஆரம்பித்த பிறகு முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடம் மாறும். பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண் இமை. இன்னொன்று: இணையத்தில் வரும் படங்கள் வெள்ளைக்காரக் குழந்தைகளுடையவை, அதில் தோல் சிவப்பாக இருக்கும். நம் நிறத்தில் அது கருத்தோ சாம்பல் பூத்தோதான் தெரியும். சில குழந்தைகளுக்குக் கோழித்தோல் மாதிரி சின்னச் சின்ன முள்ளாக இருக்கும். 'சிவப்பாவே இல்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

இது ஒட்டுமா?

ஒட்டாது. பக்கத்தில் உட்காரலாம், ஒரே துண்டில் துவட்டலாம். பள்ளியில் தனியாக உட்கார வைத்தால் டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

படர்தாமரைக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

படர்தாமரை பூஞ்சை. அது ஒட்டும். வட்டமாகப் படரும், ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், நடுவில் ஆறின மாதிரி தெரியும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என்று வேர்க்கும் இடத்தில் பிடிக்கும். கரப்பானுக்கு இப்படி ஓரம் இருக்காது.

இதை மாற்றிப் புரிந்துகொள்வதால் வரும் வினை பெரியது. எனக்கு இருபத்திரண்டு வயதில் இடுப்பில் ஒரு வட்டம் வந்தது. ஒரு மருந்துக்கடையில் கேட்டேன், சீட்டுக் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போனது, கடைக்காரரைக் கும்பிடாத குறை. நிறுத்திய வாரமே இரண்டு மடங்காக வந்தது. மறுபடி அதே டியூப். இப்படியே ஐந்து மாதம். அப்புறம் தோல் டாக்டர் அட்டையைத் திருப்பி வாசித்துக் காட்டினார்: குளோபெட்டசால், கூட ஒரு பூஞ்சை மருந்து, இரண்டு ஆன்டிபயாட்டிக். குளோபெட்டசால் என்பது இருப்பதிலேயே வீரியமான ஸ்டீராய்டு வகை. ஸ்டீராய்டு என்றால் அழற்சியை அடக்கும் மருந்து. பூஞ்சைக்கு அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். டியூபின் பின்பக்கம் மூன்று, நான்கு மருந்துப் பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள்.

எங்க வீட்ல போர் தண்ணிதானுங்க. உப்புத் தண்ணியாலதான் வருதா?

உப்புத் தண்ணியால் நோய் வருவதில்லை, தொல்லை கூடும். அந்தத் தண்ணியில் சோப்பு லேசில் நுரைக்காது, அதனால் கூடுதலாகத் தேய்க்கிறோம், அதுவும் சரியாகப் போகாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. அதுதான் எரிச்சல். கோவையில் சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் நாலு நாள் தங்கினால் என் மகள் தோல் நன்றாக இருக்கும். அதை வைத்து என் வீட்டுக்காரரிடம் தண்ணி மென்மையாக்கும் இயந்திரம் வாங்கச் சொல்லி ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம்தான் படித்தேன்: இங்கிலாந்தில் 336 கரப்பான் குழந்தைகளை வைத்து அந்த இயந்திரத்தையே சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். இயந்திரம் வைத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தனியாகப் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசுக்குக் கிரீம் வாங்கலாம். சோப்பைக் குறையுங்கள், ஆற்றுத் தண்ணி வரும் நாளில் கடைசியாக ஊற்ற ஒரு குடம் எடுத்து வையுங்கள், போதும்.

தினமும் குளிக்க வைக்கலாமா? அரப்பு, பயத்தமாவு போடலாமா?

தினமும் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணி, ஐந்து முதல் பத்து நிமிடம். எங்கள் அம்மாயி கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊற்றிப் பயத்தமாவால் தேய் தேய் என்று தேய்ப்பார். 'அழுக்குப் போனாத்தான் கரப்பான் போகும் சாமி' என்பார். சுடுதண்ணி ஊற்றும்போது நமைச்சலுக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் நரகம். மாவு எதுவாக இருந்தாலும் பரபரவென்று தேய்ப்பதுதான் கெடுதல். அரப்பும் சீயக்காயும் தலைக்குப் போடலாம், ஆனால் அந்தத் தண்ணி கழுத்திலும் முதுகிலும் வழியாமல் குனிய வைத்து அலசுங்கள். உடம்புக்கு வாசனை இல்லாத, நுரை குறைந்த சோப்பு, அதுவும் அக்குள், இடுக்கு, பாதம் மட்டும்.

துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், கிரீம் பூசிவிடுங்கள். குளியலறைக் கதவில் ஒரு பையைத் தொங்கவிட்டு அதில்தான் எங்கள் டப்பா இருக்கும். பீரோவில் வைத்தால் மறந்துபோகும்.

தேங்காய் எண்ணெய் போதாதுங்களா? செக்கெண்ணெய் வீட்லயே இருக்குது.

காங்கேயத்தையும் பொள்ளாச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெயைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சொல்லவும் வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். தேங்காய்ப்பாலில் இருந்து எடுக்கும் சுத்தமான எண்ணெய், பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. லேசான வறட்சிக்குத் தாராளமாகப் பூசுங்கள். நீர் வடிந்து வெடித்திருக்கும் நேரத்தில் எண்ணெய் மட்டும் போதாது. ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் வேண்டாம், இரண்டும் தோலின் காப்பைக் கெடுக்கின்றன. வேப்பெண்ணெய், மஞ்சள், எலுமிச்சை எதுவும் வெடிப்பில் போடாதீர்கள். ஈரோட்டு மஞ்சளாகவே இருக்கட்டும், குழந்தை துடிக்கும்.

எந்தக் கிரீம் நல்லது? எவ்வளவு பூசணும்?

எந்தக் கிரீம் என்ற கேள்விக்குத்தான் எல்லாரும் அலைகிறார்கள். லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என்று நாலு வகையையும் 550 குழந்தைகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட இங்கிலாந்து ஆய்வு 2022இல் வந்தது. நாலும் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்தன. வாசனை இல்லாமல், குழந்தை அடம் பிடிக்காமல் பூசிக்கொள்வது எதுவோ அதை வாங்குங்கள். மார்கழிப் பனிக்கு வாசலைன் மாதிரி கெட்டியானது. சித்திரை, வைகாசியில் அதைப் பூசினால் வேர்க்குருவும் சேர்ந்து வரும், லேசான கிரீமுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றுக்கு மறுபடியும் கெட்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று இரண்டு மாதத்துக்குத் தோலை உலர்த்தித் தள்ளிவிடும், கூடவே புழுதி வேறு.

எவ்வளவு என்பதுதான் விஷயம். உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்குக் கால் கிலோவில் இருந்து அரைக் கிலோ வரை ஆகும். கிராம் இல்லை, கிலோ. ஐம்பது கிராம் டியூபை மூன்று மாதம் வைத்திருக்கும் வீட்டில் 'கிரீம் கேக்கறதே இல்லைங்க' என்பார்கள். எப்படிக் கேட்கும்? விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி பெரிய டப்பாவாக வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டப்பாவுக்குள் விரலை விடாமல் கழுவிய ஸ்பூனால் எடுங்கள், கிருமி போகாது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கிரீம் ஊறிய துணி தீப்பற்றினால் சடசடவென்று எரியும். கைக்குப் பூசிக்கொண்டு அப்படியே அடுப்பு முன்னால் நிற்காதீர்கள், கார்த்திகை விளக்கு, பட்டாசு நாட்களில் குழந்தையின் துணியை மாற்றிவிடுங்கள். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுசாகப் போகாது.

ஸ்டீராய்டு கிரீம் எழுதியிருக்காங்க. பயமா இருக்குதுங்க.

பயம் நியாயமானது, நானே ஐந்து மாதம் அனுபவித்தவள். ஆனால் கடையில் கொடுத்த குளோபெட்டசாலும், டாக்டர் குழந்தையின் முகத்துக்கு எழுதும் லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒரே வீரியம் இல்லை. சமையலுக்குக் காந்தாரி மிளகாயும் உண்டு, குடைமிளகாயும் உண்டு, இரண்டுக்கும் பெயர் மிளகாய்தான்.

நம் வீடுகளில் நடப்பது இதுதான். பயந்துகொண்டு கடுகளவு எடுத்து, மூன்று நாள் பூசி, கொஞ்சம் அடங்கினதும் நிறுத்திவிடுவோம். அடியில் அணையாத கங்கு இருக்கும், பத்து நாளில் மறுபடி பிடிக்கும். மறுபடி மூன்று நாள். வருடம் முழுக்க இப்படியே ஓடும். முதல் தடவையே ஒழுங்காகப் பூசியிருந்தால் மொத்தத்தில் குறைந்த மருந்துதான் செலவாகியிருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்து முதல் ரேகை வரை டியூபைப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை மூடும் பரப்புக்கு அது போதும். குழந்தையின் கையை அளவாக வைக்காதீர்கள், பெரியவர் கைதான் கணக்கு. என் மகளுக்கு இரண்டு முழங்கை மடிப்பு, இரண்டு முழங்கால் மடிப்பு, எல்லாம் சேர்ந்து இரண்டு உள்ளங்கை வரும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அரை கிராம். இரண்டு வாரத்துக்கு ஏழு கிராம். ஆக, பத்து கிராம் டியூப் மூன்று வாரத்தில் தீர வேண்டும். முதல் வருடம் நான் வாங்கிய டியூப் அடுத்த தைப்பூசம் வரை இருந்தது!

தோல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பக்கத்துத் தோல் மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். அதுவரை பூசி, அதற்கு மேல் டாக்டர் சொன்ன நாளில் நிறுத்துங்கள். அடிக்கடி ஒரே இடத்தில் வருகிறவர்களுக்கு, ஆறின பிறகும் அந்த இடத்தில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் பூசச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது புதனும் சனியும், எண்ணெய்க் குளியல் நாளோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டோம். இந்த ஒரு மாற்றம் வந்த பிறகுதான் ஆடி மாதத்தை அழாமல் தாண்டினோம்.

கண் இமை, கழுத்து மாதிரி மெல்லிய இடங்களுக்கு டாக்ரோலிமஸ் என்ற களிம்பு எழுதுவார்கள். அது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் மிளகாய் பட்ட மாதிரி எரியும், போகப் போகக் குறையும். இது தெரியாமல் பாதிப்பேர் இரண்டாம் நாளே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

ஒரு ஊசி போட்டா உடனே அடங்கிடுதே?

அடங்கும். அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், உடம்பு முழுக்கப் போகிறது. வேகம் குறைந்ததும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் கொடுக்கும் பொடி, மாத்திரையும் அப்படியே. சித்தா பார்க்கிறவர்கள் படித்த சித்த மருத்துவரிடம் பாருங்கள், ஆனால் இரண்டு டாக்டரிடமும் மற்றவர் கொடுத்ததைக் காட்டிவிடுங்கள்.

ராத்திரி தூங்கவே விடமாட்டேங்கிறான்.

இரண்டு மணிக்கு இருட்டில் அந்தச் சரக் சரக் சத்தம் கேட்கும். விளக்கைப் போட்டால் குழந்தை தூக்கத்திலேயே காலோடு கால் தேய்த்துக்கொண்டிருக்கும், போர்வையில் புள்ளி புள்ளியாக ரத்தம். 'சொறியாதே' என்று கையைத் தட்டிவிடாதீர்கள், அதனால் ஒன்றும் ஆகாது. கிரீமை ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று பூசிவிடுங்கள். நகத்தை வாரம் இரண்டு முறை வெட்டுங்கள். படுக்கும் இடம் வேர்க்காமல் இருக்கட்டும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து சில நாளுக்குத் தூங்க வைக்கலாம், ஆனால் கரப்பான் நமைச்சலை அது குறைப்பதில்லை. ராத்திரி நமைச்சல் தொடர்கிறது என்றால் பகலில் பூசுவது போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு, தக்காளி எல்லாம் நிறுத்திட்டோமுங்க. இன்னும் எதை நிறுத்தறது?

முதலில் நிறுத்தினதைத் திரும்பக் கொடுங்கள். 'கரப்பான் பண்டம்' என்று எங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் இருந்தது. அதன்படி நடந்தால் ரசஞ்சோறும் அப்பளமும்தான் மிஞ்சும். கரப்பான் அதிகமாக உள்ள சின்னக் குழந்தைகள் சிலருக்கு முட்டை, பால், நிலக்கடலை மாதிரி உணவில் உண்மையாகவே அலர்ஜி இருக்கும். சாப்பிட்ட சில நிமிடத்தில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாய் வீக்கம், வாந்தி வந்தால் அதை டாக்டரிடம் சொல்லிச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. அதெல்லாம் இல்லாமல் சும்மா பாலையும் முட்டையையும் நிறுத்தினால் குழந்தை இளைக்கும், தோல் அப்படியே இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் நாற்பது பொருளுக்கு நேராகக் குறி போட்டுவருவதை வைத்து மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள்.

என்ன துணி போடறது?

இந்தக் கேள்விக்கு எனக்குச் சம்பளமே வருகிறது. மெல்லிய பருத்தி பனியன் துணி, தளர்வாக. பட்டுத்துணியில் தைத்த சிறப்பு உடை என்று விலை கூடுதலாக விற்பதை 300 குழந்தைகளிடம் சோதித்த ஒரு ஆய்வு 2017இல் சொன்னது, பலன் இல்லை என்று. கழுத்து லேபிளை வெட்டாமல் தையலைப் பிரித்து எடுங்கள், வெட்டினால் மிச்சம் முள்ளாகக் குத்தும். துணி ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையல் தடிப்பாக இருக்கும், கைக்குழந்தைக்கு உள்பனியனைத் திருப்பிப் போடுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. தட்டையாகத் தைக்கும் பேட்லாக் அடித்தது என்றால் அப்படியே போடலாம். புதுத்துணியைத் துவைக்காமல் போடாதீர்கள். தீபாவளிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மடிப்பு நிற்கவும் மினுமினுப்புக்கும் என்னென்ன போடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கொப்புளம் வந்திருக்குது. அம்மை போட்டிருக்குன்னு வேப்பிலை கட்டிட்டோம்.

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமி கரப்பான் உள்ள தோலில் பரவினால் ஒரே அளவில் குட்டிக் குட்டிக் கொப்புளம் கூட்டமாக வந்து, உடைந்து, ஆணியால் குத்தின மாதிரிக் குழியாகும். காய்ச்சல் இருக்கும். நமைச்சலைவிட வலி அதிகமாக இருக்கும், குழந்தை சோர்ந்து கிடக்கும். பார்க்க அம்மை மாதிரியே இருக்கும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு வைரஸ் மருந்து இருக்கிறது, ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் எல்லா ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உதட்டோரம் கொப்புளம் வந்தவர்கள் யாராக இருந்தாலும் குழந்தையை முத்தம் கொஞ்ச விடாதீர்கள்.

தேன் நிறத்தில் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் அது வேறு கிருமி, அதற்கும் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் மேலே சொன்ன அளவு அவசரம் இல்லை.

தடுப்பூசி போடலாமா?

எல்லாம் போடலாம், அட்டவணைப்படி. வெடித்திருக்கும் இடத்தை விட்டுக் குத்தச் சொல்லுங்கள்.

எனக்கு நாற்பது வயசுங்க. சின்ன வயசுல போனது இப்பக் கையில வந்திருக்குது.

வரும். சின்ன வயதில் கரப்பான் இருந்தவர்களுக்குக் கைதான் பலவீனம். பாத்திரம் தேய்ப்பது, சாயம், சிமெண்ட், ஹேர் டை, மஞ்சள் மண்டி, தேங்காய்நார்த் தூசி எல்லாம் அதைக் கிளப்பும். ரப்பர் கையுறைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள், உள்ளே வேர்த்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றுங்கள். பிள்ளைகள் பியூட்டி பார்லர் வேலைக்கோ நர்சிங்குக்கோ போக ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், நாள் முழுக்கக் கை நனையும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதல் தடவையாகப் பெரியவர் ஆன பிறகே முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று கருத்துத் தடித்து வந்தால், அதுவும் காட்டுவேலை செய்கிறவர் என்றால், பார்த்தீனியத்தைச் சந்தேகப்படுங்கள். ரோட்டோரத்திலும் தரிசுக் காட்டிலும் வெள்ளைப் பூவோடு நிற்குமே, அந்தச் செடி. அதன் தூசி காற்றில் வந்து பட்டாலே போதும். பார்க்க அச்சாகக் கரப்பான் மாதிரி இருக்கும். முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். எங்கள் பெரியப்பா இரண்டு வருடம் சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் வரப்பில் நின்ற செடிதான் காரணம்.

பூசற மருந்துக்கு அடங்கலைன்னா?

வழி இருக்கிறது. புற ஊதாக்கதிர் சிகிச்சை, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் மருந்துகள் என்று வெகுகாலமாக உள்ளவை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி நல்ல பலன் தருகிறது, விலைதான் மலைக்க வைக்கும். அழற்சியைத் தூண்டும் ஜேக் என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன, ஆரம்பிக்கும் முன் காசநோய்ச் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். கல்யாணம் ஆகப்போகிற, கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிற பெண்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

பெரியவளானா சரியாயிடுமா?

நிறையப் பேருக்குப் பள்ளிக்கூட வயதில் குறைந்துவிடும். சிலருக்குத் தங்கும், சிலருக்குப் போய்த் திரும்பி வரும். தோல் மட்டும் ஆயுசுக்கும் வறண்ட தோல்தான். 'ஒரே மண்டலத்தில் வேரோடு போகும்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஆறின இடம் வெள்ளையா இருக்குது. வெண்குஷ்டமாயிடுமோ?

ஆகாது. அழற்சி இருந்த இடம் கொஞ்ச காலம் வெளுத்தோ கருத்தோ நிற்கும், தானாக நிறம் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும். வெண்குஷ்டம் என்றால் பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். என் மகளுக்கு இடது முழங்கால் மடிப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவு வெளுத்து நின்றது. மாமியார் தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஐப்பசி மழையில் ஆரம்பித்தது, பங்குனியில் பொங்கல் வைக்கக் கோயிலுக்குக் கிளம்பும்போது பாவாடை கட்டிவிட்டவர், 'ஏனம்மிணி, எந்தக் காலுன்னு சொன்னே?' என்று என்னிடம் கேட்டார்.